283-ஆவது பைட்: ஒரு பனியன் மெஷினும் மெமரி காப்பியின் அறுபது வருஷக் கதையும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடை ஒரு கணக்கோட ஆரம்பிக்கலாம். பேப்பர் பேனா வேண்டாம், சும்மா கேட்டுட்டே வாங்க.

திருப்பூர்ல ஒரு நிட்டிங் யூனிட்டுக்குள்ள போறோம்னு வைங்க. மேல கோன்களிலிருந்து நூல் இறங்குது. நடுவுல உருளை மாதிரி ஒரு சர்க்குலர் மெஷின் சுத்துது. கீழே துணி குழாய் மாதிரி இறங்கி ரோலா சுருளுது. அந்த உருளையின் விட்டம் 30 அங்குலம். ஒரு அங்குலத்துக்கு 24 ஊசி. அப்போ மொத்தம் எத்தனை ஊசி? சுற்றளவு சுமார் 94 அங்குலம், அதை 24-ஆல் பெருக்கினா ஏறக்குறைய 2,262. மெஷின் தயாரிக்கிறவங்க இதுக்குப் பக்கத்துல வசதியான ஒரு எண்ணை எடுத்துக்குவாங்க. நம்ம கணக்குக்கு 2,262-ன்னே வச்சுக்கலாம்.

இது டிசைன் போடற ஜக்கார்டு மெஷின். ஒவ்வொரு ஊசிக்கும் கம்ப்யூட்டர் ஒரு பதில் சொல்லணும்: எழும்பு, இல்லைன்னா சும்மா இரு. ஒண்ணு அல்லது பூஜ்ஜியம். அதாவது ஒரு பிட். எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட். 2,262-ஐ எட்டால் வகுத்தா 282-உம் முக்காலும் வரும். முக்கால் பைட்டுன்னு ஒண்ணு கிடையாது, அதனால 283 பைட்.

283 ஒற்றைப்படை எண். இதுல என்ன பெரிய விஷயம்னு கேட்பீங்க. இந்த ஒற்றைப்படை எண்ணால ஒரு சிப் செத்து நிக்கலாம். இன்னொரு சிப் நிக்காமலே பொய் சொல்லலாம். மூணாவது சிப் ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடலாம். மூணுமே பொறியாளர்கள் யோசிச்சு எடுத்த முடிவுகள்தான். 1964-ல ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் நடக்கிற ஒரு பேரம் இது. வேலைப்பளுவை யார் சுமக்கிறது, சிப்பா, இல்லை அதுக்கு ப்ரோக்ராம் எழுதறவரா? இந்த எபிசோடு அந்தப் பேரத்தின் வரலாறு.

பாதிப் பெட்டி பிரச்சினை

முதல்ல திருப்பூரைப் பத்திக் கொஞ்சம். இங்கே பனியன் தொழில் 1925 வாக்குல ஆரம்பிச்சதுன்னு சொல்லுவாங்க. ரொம்ப காலம் உள்நாட்டுக்கான வெள்ளை பனியன்தான். 1978-ல இத்தாலியைச் சேர்ந்த வெரோனா என்ற இறக்குமதியாளர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியா வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கே வந்ததுதான் நேரடி ஏற்றுமதியின் தொடக்கம்னு ஊர்ல எல்லாரும் சொல்ற கதை. 1990-ல திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவாச்சு.

இந்த ஊரோட தனித்தன்மை ஜாப் ஒர்க். ஒருத்தர் நூல் வாங்குவார், ஒருத்தர் நிட்டிங் ஓட்டுவார், இன்னொருத்தர் டையிங், அடுத்தவர் காம்பேக்டிங், அப்புறம் கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங். ஒருத்தர் கையில விட்ட தப்பு அடுத்தவர் கையிலதான் தெரியும். நிட்டிங்ல விழுந்த கோடு சில நேரம் சாயம் போட்ட பிறகுதான் கண்ணுக்குப் படும். அப்போ நஷ்டம் யாருக்கு? இதுதான் இந்த ஊர்ல தினமும் நடக்கிற சண்டை. இதை மனசுல வச்சுக்கோங்க, கம்ப்யூட்டர் வரலாற்றுலயும் இதே சண்டைதான்.

இப்போ பேக்கிங் டேபிளுக்கு வாங்க. ஒரு பெட்டிக்கு நாலு டி-ஷர்ட். பெட்டிகள் வரிசையா அடுக்கியிருக்கு. முதல் பெட்டியில 0, 1, 2, 3 எண்ணுள்ள பீஸ். அடுத்ததுல 4, 5, 6, 7. “நாலாம் நம்பர்ல இருந்து நாலு பீஸ் குடு”ன்னு கேட்டா ஒரு பெட்டியை அப்படியே தூக்கிக் குடுத்துடலாம். “மூணாம் நம்பர்ல இருந்து நாலு பீஸ்”னு கேட்டா? ரெண்டு பெட்டியைத் திறக்கணும். முதல்ல இருந்து கடைசி ஒண்ணு, ரெண்டாவதுல இருந்து மூணு எடுத்து, வரிசை மாறாம புதுசா ஒரு பெட்டி கட்டணும்.

கம்ப்யூட்டர் மெமரியும் இப்படித்தான். 32 பிட் ப்ராசஸர் ஒரு தடவைக்கு நாலு பைட்டை, அதாவது ஒரு வேர்டை, ஒரே பெட்டியா எடுக்கும். அட்ரஸ் நாலால் மீதியில்லாம வகுபட்டா ஒரே தூக்கு. இதைத்தான் அலைன்மென்ட்னு சொல்றோம். வகுபடலைன்னா ரெண்டு பெட்டி, பிரிச்சு ஒட்டற வேலை. அந்த வேலையை யார் செய்யறது?

1964: “அது உங்க பொறுப்பு”

1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 என்ற கம்ப்யூட்டர் குடும்பத்தை அறிவித்தது. எட்டு பிட் பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் தனி அட்ரஸ் என்று இன்னைக்கு நாம சாதாரணமா நினைக்கிற ஏற்பாட்டை உலகத்துக்குப் பழக்கியதில் இதுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனா அது ஒரு நிபந்தனை போட்டது. ரெண்டு பைட் எண் ரெண்டால் வகுபடும் இடத்துல இருக்கணும். நாலு பைட் எண் நாலால் வகுபடும் இடத்துல, எட்டு பைட் எண் எட்டால் வகுபடும் இடத்துல. மீறினா ப்ரோக்ராம் அங்கேயே நிறுத்தப்படும்.

அதே மெஷின்ல பைட் பைட்டா காப்பி பண்றதுக்குத் தனியா ஒரு கட்டளை இருந்தது. ஒரே தடவையில 256 பைட் வரை நகர்த்தும், அலைன்மென்ட் பத்திக் கேட்காது. காப்பிதான் எல்லாரும் அடிக்கடி செய்யற வேலைன்னு 1964-லயே அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

1970-ல அடுத்த தலைமுறையான சிஸ்டம்/370 வந்தபோது ஐபிஎம் இறங்கி வந்தது. சாதாரண ப்ரோக்ராம்களில் பெரும்பாலான கட்டளைகளுக்கு அந்த நிபந்தனை தளர்ந்தது. அலைன்மென்ட் தப்பினா மெதுவா ஓடும், ஆனா நிக்காது. சுமை ப்ரோக்ராமர் தலையிலிருந்து சிப் தலைக்கு மாறியது.

இந்தக் குடும்பத்து மெஷின் ஒண்ணு நம்ம ஊருக்கும் வந்தது. 1973-ல சென்னை ஐஐடியில ஐபிஎம் 370/155 நிறுவப்பட்டது. அந்த வளாகத்தின் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவோம்.

ஒருத்தர் நிறுத்தினார், ஒருத்தர் பொறுத்துக்கிட்டார், ஒருத்தர் பொய் சொன்னார்

சின்ன கம்ப்யூட்டர்கள் காலம் வந்ததும் அதே கேள்வி மறுபடியும் முதல்ல இருந்து எழுந்தது. காரணம் எளிமையானது. சிப்புல இடம் குறைவு. பிரிச்சு ஒட்டற வேலைக்குக் கூடுதல் சர்க்யூட் வேணும், அது காசு.

1970-ல வந்த பிடிபி-11, பிற்பாடு சி மொழி வளர்ந்த மெஷின். அதுல ஒற்றைப்படை அட்ரஸ்ல வேர்ட் கேட்டா ட்ராப், அதாவது ப்ரோக்ராம் தடுத்து நிறுத்தப்படும்.

1978-ல இன்டெல் 8086 வந்தது. அது பொறுத்துக்கிட்டது. ஒற்றைப்படை அட்ரஸ்ல ரெண்டு பைட் கேட்டா, ரெண்டு தடவை மெமரிக்குப் போய் எடுத்துட்டு வரும். நாலு க்ளாக் சைக்கிள் கூடுதல் செலவு, அவ்வளவுதான். இன்னைக்கு உங்க லேப்டாப்புல இன்டெல் வழி சிப் இருந்தா, அந்தப் பொறுமை அதுலயும் தொடருது.

1979-ல மோட்டரோலா 68000. 1984-ல வந்த முதல் மேக்கின்டாஷுக்குள்ள இருந்தது இதுதான். ஒற்றைப்படை அட்ரஸ்ல வேர்ட் கேட்டா “அட்ரஸ் எரர்”. நின்னுடும். 1984-ல வந்த 68020-ல இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. ஐபிஎம் நடந்த அதே பாதை.

மூணாவது ரகம் இங்கிலாந்துலேர்ந்து. ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த ஆர்ம் சிப்பின் முதல் மாதிரி 1985 ஏப்ரல் 26 அன்று இயங்கியது. ரொம்பச் சின்ன சிப். அது அலைன்மென்ட் தப்பினா நிக்கவும் இல்லை, சரியா எடுத்துக் குடுக்கவும் இல்லை. பெட்டியை மட்டும் எடுத்து, உள்ள இருக்கிறதைச் சுழற்றிக் குடுத்தது.

பேக்கிங் டேபிள்லயே சொல்றேன். 1-ஆம் நம்பர்ல இருந்து நாலு பீஸ் கேட்டீங்க. உங்களுக்கு வரவேண்டியது 1, 2, 3, 4. அது குடுத்தது 1, 2, 3, 0. ரெண்டாவது பெட்டியைத் திறக்கவே இல்லை. இது தெரிஞ்சே வச்ச நடத்தை, தெரிஞ்சவங்க இதைச் சாமர்த்தியமா உபயோகப்படுத்தவும் செஞ்சாங்க. தெரியாதவங்களுக்கு? ப்ரோக்ராம் ஓடும், எரர் வராது, விடை மட்டும் தப்பு.

இதை நம்ம பனியன் மெஷினுக்குக் கொண்டு வந்து பாருங்க. ஒரு பைட்டுன்னா எட்டு ஊசி. நாலு பைட்டுல ஒரு பைட் தப்புன்னா, 32 ஊசியில எட்டு ஊசிக்குத் தப்பான கட்டளை. மெஷின் அழகா சுத்தும். ரோல் ரோலா துணி இறங்கும். யாரும் கவனிக்கலைன்னா அது டையிங்குக்குப் போகும். நின்ன மெஷினால போறது கொஞ்ச நேரம். தப்பா ஓடின மெஷினால போறது துணி, சாயம், அதுக்கு மேல ஷிப்மென்ட் தேதி. அதனாலதான் பல பொறியாளர்கள் “நின்னுட்டாலே மேல்”னு சொல்றாங்க. பிற்காலத்துல ஆர்ம் நிறுவனமும் இந்தச் சுழற்றலைக் கைவிட்டது. 2000-களின் தொடக்கத்தில் வந்த ஆர்ம்-வி6 வடிவத்தில் அலைன் ஆகாத அட்ரஸையும் சரியாகவே எடுத்துத் தரும் வசதி சேர்ந்தது.

நாலு கட்டளைக்கு ஒரு வழக்கு

இந்தச் சுமை எவ்வளவு விலை மதிப்புள்ளதுன்னு புரிய ஒரு வழக்கைச் சொல்லணும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் ஹென்னசி குழு செய்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது மிப்ஸ் ப்ராசஸர். அவங்க நடுவழி ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. சாதாரணக் கட்டளை அலைன்மென்ட் தப்பினா நிக்கும். ஆனா இடது பாதியை எடுக்க ஒண்ணு, வலது பாதியை எடுக்க ஒண்ணு, அதே மாதிரி எழுதறதுக்கு ரெண்டுன்னு நாலு தனிக் கட்டளைகள். ப்ரோக்ராமர் ரெண்டு கட்டளை எழுதினா, சிப் பிரிச்சு ஒட்டித் தரும். சுமையில ஆளுக்குப் பாதி. இந்த யோசனைக்கு 1989-ல அமெரிக்கக் காப்புரிமை கிடைச்சது.

1990-களின் இறுதியில் லெக்ஸ்ரா என்ற சின்ன நிறுவனம் மிப்ஸ் வகை சிப்களை வடிவமைத்து விற்றது. அந்த நாலு கட்டளைகளை மட்டும் அவங்க சிப்புல வைக்கலை. ஆனாலும் மிப்ஸ் 1999-ல காப்புரிமை வழக்கு போட்டது. சிப்புல இல்லைன்னாலும், அந்தக் கட்டளை வரும்போது மென்பொருளால அதே வேலையைச் செய்ய வைக்க முடியுதே, அதுவும் மீறல்தான் என்பது அவங்க வாதம். 2001-ல சமரசம் ஆச்சு. லெக்ஸ்ரா அந்த ப்ராசஸர் வியாபாரத்தை விட்டு விலகியது. அந்தக் காப்புரிமை 2006 டிசம்பர் வரை நீடித்தது.

அதாவது, ரெண்டு பெட்டியைத் திறந்து பிரிச்சு ஒட்டற வேலையை எப்படிச் செய்யலாம்ங்கிறதுக்கே ஒருத்தர் சொந்தக்காரரா இருந்த காலம் உண்டு.

காப்பி என்பது ஒரு கைவேலை

சரி, சிப் சுமக்கலைன்னா ப்ரோக்ராமர் எப்படிச் சுமக்கிறார்? அந்தச் சுமை இறங்கற இடம் சி மொழியில “மெம்காப்பி”ன்னு ஒரு சின்ன ரொட்டீன். இங்கிருந்து அங்கே இத்தனை பைட் காப்பி பண்ணு. அவ்வளவுதான் அதோட வேலை. ஆனா எல்லா ப்ரோக்ராமும் அதைக் கூப்பிடும்.

நேர்வழி பைட் பைட்டா காப்பி பண்றது. அலைன்மென்ட் பிரச்சினையே வராது. இதுல எவ்வளவு செலவுன்னு ஒரு நிஜ சிப்புல கணக்குப் போடலாம். 2009-ல ஆர்ம் நிறுவனம் கார்டெக்ஸ்-எம்0 என்ற சின்ன ப்ராசஸரை வெளியிட்டது. மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு, அதாவது வாஷிங் மெஷின், மோட்டார் டிரைவ், விளையாட்டுப் பொருள் மாதிரி சாதனங்களுக்குள்ள உட்கார்ற சிப்களுக்கு. விலையும் மின்சாரமும் குறையணும்கிறதுக்காக அதுல அலைன்மென்ட் வசதியை மறுபடியும் எடுத்துட்டாங்க. தப்பினா ஹார்ட்ஃபால்ட், அதாவது முழு நிறுத்தம். 1964-ல ஐபிஎம் சொன்ன அதே பதில், 45 வருஷம் கழிச்சு.

அதுல ஒரு பைட் காப்பிக்கு எட்டு சைக்கிள். படிக்க ரெண்டு, எழுத ரெண்டு, எண்ணிக்கையைக் குறைக்க ஒண்ணு, லூப்போட தலைக்குத் திரும்பிப் போக மூணு. பாருங்க, எட்டுல நாலு காப்பிக்கே போகலை, எண்ணறதுக்கும் திரும்பறதுக்கும் போகுது. இதுவே நாலு நாலு பைட்டா எடுத்தா, அதே எட்டு சைக்கிள்ல நாலு பைட். பைட்டுக்கு ரெண்டு சைக்கிள். இன்னும் ஒரு படி போகலாம். ஒரே கட்டளையில நாலு வேர்டை வரிசையா எடுத்து, இன்னொரு கட்டளையில நாலையும் எழுதும் வசதி இந்தச் சிப்புல உண்டு. அப்போ 16 பைட்டுக்கு 14 சைக்கிள். பைட்டுக்கு ஒண்ணுகூட இல்லை. எட்டுலேர்ந்து ஒண்ணுக்குக் கீழே!

லூப் திரும்பற செலவைக் குறைக்கிற இந்தப் புத்திக்கு ஒரு பிரபலமான முன்னோர் உண்டு. 1983 நவம்பர்ல லூகாஸ்ஃபிலிம்ல வேலை பார்த்த டாம் டஃப், ரெண்டு ரெண்டு பைட்டா தகவலை ஒரு அவுட்புட் ரெஜிஸ்டருக்குத் தள்ளற லூப்பை வேகமாக்க வேண்டியிருந்தது. எட்டு காப்பியை வரிசையா எழுதி, மிச்சம் மீதி வரும்போது லூப்போட நடுவுல குதிச்சு உள்ள நுழையற மாதிரி சி மொழியை வளைச்சார். அதுக்கு “டஃப்ஸ் டிவைஸ்”னு பேர். அழகா இருக்கான்னு இன்னைக்கும் சண்டை போடுவாங்க.

சரி, வேகமான வழிக்கெல்லாம் அலைன்மென்ட் வேணுமே? அதனால நல்ல மெம்காப்பிக்கு மூணு பாகம் உண்டு. தலைப்பகுதியில, அட்ரஸ் நாலால் வகுபடற இடம் வர்ற வரைக்கும் ஒண்ணு, ரெண்டு அல்லது மூணு பைட்டைத் தனியா நகர்த்தணும். நடுப்பகுதியில வேர்ட் வேர்டா, முடிஞ்சா நாலு வேர்டா வேகமா போகணும். கடைசியில மிஞ்சற வாலை மறுபடி பைட் பைட்டா முடிக்கணும்.

இதுல ஒரு சிக்கல். எடுக்கிற இடமும் வைக்கிற இடமும் ஒரே அளவுல தள்ளியிருந்தாத்தான் இது பலிக்கும். எடுக்கிற இடம் 283, வைக்கிற இடம் 400-ன்னா? ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு கோணலாகும். அப்போ ப்ரோக்ராமரே பெட்டியைப் பிரிச்சு ஒட்டணும். ஒரு வேர்டை எடுத்து ஒரு பக்கம் நகர்த்தி, அடுத்த வேர்டை எடுத்து எதிர்ப்பக்கம் நகர்த்தி, ரெண்டையும் சேர்த்து எழுதணும். எடுத்த ரெண்டாவது வேர்டோட மிச்சத்தைத் தூக்கிப் போடக்கூடாது, அடுத்த சுற்றுக்கு அதுதான் முதல் பாதி. இப்படிப் பண்ணினா பைட்டுக்கு சுமார் மூணு சைக்கிள். எட்டை விட எவ்வளவோ மேல்.

மறுபடியும் 283

இப்போ எல்லாத்தையும் திருப்பூர் மெஷின்ல பொருத்திப் பார்க்கலாம். இது நான் போட்ட மாதிரிக் கணக்கு, எந்தக் கம்பெனி மெஷினோட கணக்கும் இல்லை.

மெஷின்ல 36 ஃபீடர், அதாவது நூல் உள்ள போற 36 இடம். ஒவ்வொரு ஃபீடரும் டிசைன்ல ஒரு வரியைப் பின்னுது. நிமிஷத்துக்கு 20 சுற்று. ஒரு சுற்றுக்கு மூணு செகண்ட். மூணு செகண்டுல 2,262 ஊசி கடக்குதுன்னா, ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவுல 1.33 மில்லிசெகண்ட். ஒவ்வொரு சுற்றுக்கும் 36 புது வரிகளை டிசைன் மெமரியிலேர்ந்து எடுத்து, ஃபீடர்களுக்கான இடத்துல வைக்கணும். அந்தக் காப்பி ரெண்டு ஊசிக்கு நடுவுல முடிஞ்சா நிம்மதி.

48 மெகாஹெர்ட்ஸ்ல ஓடற கார்டெக்ஸ்-எம்0. பைட் பைட்டா காப்பி பண்ணினா 36 பெருக்கல் 283 பெருக்கல் 8, சுமார் 81,500 சைக்கிள். 1.7 மில்லிசெகண்ட். ஊசி தாண்டிடுச்சு. இதைச் சமாளிக்க வேற வழிகளும் உண்டு, காப்பியைத் துண்டு துண்டா பிரிக்கலாம். ஆனா நேரா பார்த்தா நேரம் பத்தலை.

சரி, வேர்ட் வேர்டா போகலாம்னு ஒருத்தர் அவசரமா மாத்தறார்னு வைங்க. டிசைன் மெமரியில வரிகள் இடைவெளி இல்லாம 283 பைட்டா அடுக்கியிருக்கு. முதல் வரி 0-ல ஆரம்பிக்குது, சரி. ரெண்டாவது வரி 283-ல. நாலால் வகுத்தா மீதி மூணு. மூணாவது வரி 566-ல, மீதி ரெண்டு. நாலாவது 849-ல, மீதி ஒண்ணு. அஞ்சாவது 1,132-ல, மறுபடி சரி. நாலு வரிக்கு ஒரு வரிதான் ஒழுங்கா உட்காருது.

அவர் லேப்டாப்புல ஓட்டிப் பார்க்கிறார், பிரமாதமா ஓடுது. இன்டெல் பொறுத்துக்குதே! அதை சிப்புல ஏத்தினா ரெண்டாவது வரியிலேயே ஹார்ட்ஃபால்ட். 284 பைட் வர்ற இன்னொரு மெஷின்ல சோதிச்சிருந்தா அங்கேயும் தப்பு தெரிஞ்சிருக்காது. கொஞ்சம் பெரிய கார்டெக்ஸ்-எம்3-ல சோதிச்சிருந்தாலும் ஏமாந்திருக்கலாம். அது தனி வேர்டுக்குப் பொறுத்துக்கும், ஆனா பல வேர்டை ஒண்ணா எடுக்கிற கட்டளைக்கு அலைன்மென்ட் கட்டாயம். கம்பைலர் ரெண்டு கட்டளையை ஒண்ணா சேர்த்துட்டா, நேத்து ஓடின கோடு இன்னைக்கு நிக்கும்.

பிரிச்சு ஒட்டற மெம்காப்பி போட்டா? மொத்தம் ஏறக்குறைய அரை மில்லிசெகண்ட். தாராளமா முடிஞ்சுடும். ஆனா இதுக்கும் மேல ஒரு வழி இருக்கு, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு வெத்து பைட் சேர்த்து 284 ஆக்கிடுங்க. 284-ஐ நாலால் வகுத்தா 71, மீதி இல்லை. எல்லா வரியும் ஒழுங்கா உட்காரும். நாலு வேர்ட் வழியில சுமார் 0.2 மில்லிசெகண்ட். 36 வரிக்கு 36 பைட் வீண். தையல்ல சீம் அலவன்ஸ் விடற மாதிரிதான், வெளியே தெரியாத கொஞ்சம் துணி, ஆனா அது இல்லைன்னா பீஸ் நிக்காது.

கவனிச்சீங்களா? மிக நல்ல விடை காப்பி ரொட்டீன்ல இல்லை. டிசைனை முதன்முதல்ல மெமரியில அடுக்கினவர் கையில இருந்தது. நிட்டிங்ல விட்டதை டையிங்ல சரி பண்றது மாதிரிதான் மெம்காப்பியோட சாமர்த்தியமெல்லாம்.

மறுபடியும் சென்னை ஐஐடி

இதுல நமக்கு என்ன பங்கு? இந்தத் தொழில்ல ஓடற மெஷின்கள் பெரும்பாலும் ஜெர்மனி, ஜப்பான், தைவான், சீனா மாதிரி நாடுகளிலிருந்து வருது. உள்ள இருக்கிற போர்டு மூடின பெட்டி. அது நின்னா ஏன் நின்னுதுன்னு நாம படிச்சுப் பார்க்க முடியாது. அதுக்குள்ள இருக்கிற சிப், எந்த அட்ரஸ்ல எப்படி நடந்துக்கும்கிற முடிவும் வேற எங்கேயோ எடுத்தது.

2010-ல கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதி பிறந்தது. யார் வேணும்னாலும் உரிமக் கட்டணம் இல்லாம அதை வச்சு சிப் வடிவமைக்கலாம். அலைன்மென்ட் பேரத்துக்கு அது சொன்ன பதில் சுவாரசியமானது. சாதாரணக் கட்டளையையே அலைன் ஆகாத அட்ரஸுக்கும் எழுதலாம். அதைச் சிப்பே செய்யலாம், இல்லைன்னா ட்ராப் அடிச்சு மென்பொருள் செய்யலாம். ஆனா மென்பொருள் வழி ரொம்ப மெதுவா இருக்கலாம். அதாவது முடிவு சிப் வடிவமைக்கிறவர் கையில.

அந்த முடிவை எடுக்கிற நாற்காலியில நம்ம ஊர்க்காரங்களும் உட்கார்ந்தாங்க. சென்னை ஐஐடியில வி. காமகோடி தலைமையில 2014 வாக்குல ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையில சக்தி ப்ராசஸர் திட்டம் உருவானது. 2018-ல அதன் சிப்கள் கைக்கு வந்தன. ஒண்ணு அமெரிக்காவில் இன்டெல் ஆலையில செய்தது, இன்னொண்ணு சண்டிகர் பக்கத்துல உள்ள அரசு செமிகண்டக்டர் ஆலையில செய்தது. மைக்ரோகன்ட்ரோலர் வேலைகளுக்குன்னே இ-கிளாஸ் என்ற சின்ன வகையும் அதுல உண்டு. வடிவமைப்புக் கோடு திறந்தே இருக்கு. கோணலான அட்ரஸ் வந்தா சிப் என்ன செய்யும்னு தெரியணுமா, வதந்தி கேட்க வேண்டாம், கோட்டைத் திறந்து படிக்கலாம். 1973-ல ஐபிஎம் மெஷின் வந்து இறங்கின அதே வளாகம், வேற யாரோ எடுத்த முடிவுக்குப் பழகிக்கிட்ட இடம். நாற்பது வருஷம் கழிச்சு முடிவு எடுக்கிற இடமா மாறுச்சு.

இதனால நாளைக்கே திருப்பூர் மெஷின்ல சக்தி சிப் உட்கார்ந்துடும்னு நான் சொல்லலை. சிப் வேற, போர்டு வேற, மெஷின் வேற, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நீண்ட தூரம். ஆனா திருப்பூர், கோயம்புத்தூர் பக்கத்துல எம்படெட் படிக்கிற ஒரு பொண்ணோ பையனோ இன்னைக்கு ஒரு சின்ன போர்டை வாங்கி, 283 பைட் வரியை அடுக்கி, வேணும்னே தப்பு பண்ணி, சிப் ஏன் நின்னுதுன்னு கடைசி கம்பி வரைக்கும் தொடர்ந்து போய்ப் பார்க்க முடியும். முன்னாடி அந்த வசதி இல்லை.

அறுபது வருஷப் பேரம் இன்னும் முடியலை. பெரிய சிப் பொறுத்துக்கும், சின்ன சிப் நிக்கும். ஒவ்வொரு தடவை சிப் சின்னதாகும்போதும், மலிவாகும்போதும், சுமை நம்ம பக்கம் திரும்பி வரும். யாரோ ஒருத்தர் சுமக்கத்தான் வேணும். அடுத்தவர் கைக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம கையிலயே ஒரு பைட் சேர்த்துச் சரி பண்ணிட்டா, பின்னாடி வர்ற எல்லாருக்கும் வேலை மிச்சம்.

அடுத்த தடவை டி-ஷர்ட் போடும்போது உள்பக்கத்தைத் திருப்பி அந்தச் சீம் அலவன்ஸைப் பாருங்க. அதுதான் உங்க 284-ஆவது பைட்.